தனியார் பல்கலைக்கழகங்களில் தொடர்பியற் கல்வி

செய்தியைப் பலர்க்கு ஒருங்கே உணர்த்தும் இதழ், வானொலி, தொலைக்காட்சி, இணையம் ஆகிய கருவிகளின் இயல்பையும், அவற்றால் மக்கள்பால் நிகழும் விளைவையும் ஆராயும் துறை தொடர்பியல் எனப்படும். அமெரிக்க நாட்டுத் தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இத்துறை வேரூன்றியமைக்கு, இதழ் உடைமையாளர் அளித்த பெருங்கொடையும் ஒரு காரணமாம். கொடையளித்தவர் எத்தொழிலாற் செல்வம் ஈட்டினாரோ, அத்தொழிலின் குறையை அக்கொடையால் தோன்றிய கல்விநிலையம் எடுத்துரைத்தல் கூடுமோ? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

முதற்கண் இதழியலுக்கும் தொடர்பியலுக்கும் உள்ள வேறுபாடு உணரத்தக்கது. 1908இல் மிசௌரி அரசுப் பல்கலைக்கழகம் இதழியற் பள்ளியைத் தொடங்கியபோது, மாணவர் தாமே ஒரு செய்தித்தாளை வெளியிட்டு அத்தொழிலைப் பயின்றனர். ஆக்கும் முறையைக் கற்பிப்பது இதழியல்; ஆக்கப்பட்டது யாது செய்கின்றது என வினவுவது தொடர்பியல். யேல் என்னும் தனியார் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹரால்ட் லாஸ்வெல் 1948இல் இவ்வாராய்ச்சியின் எல்லையை ஐந்து வினாக்களால் வரையறுத்தார். சொல்பவர் யார், சொல்லப்படுவது யாது, எவ்வாயிலாகச் சொல்லப்படுகின்றது, யாரிடம் சொல்லப்படுகின்றது, என்ன பயன் விளைகின்றது என்பன அவை.

தொல்காப்பியச் செய்யுளியலைப் பயின்றார்க்கு இவ்வினாக்கள் முற்றிலும் புதியன அல்ல. செய்யுளுறுப்பு முப்பத்து நான்கனுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பன வைத்து எண்ணப்பட்டுள்ளன. ஆயினும் ஆண்டுக் கூறப்பட்டது செய்யுளின் இயல்பு. ஈண்டுக் கூறப்படுவது மக்கட் கூட்டத்திடைச் செய்தி பரவும் முறை. மேலும், வாயில் என்பது அவ்வுறுப்புகளுள் ஒன்றாக எண்ணப்படவில்லை. அச்சுப்பொறியும் ஒலிபரப்பும் பெருகிய பின்னர் வாயிலுக்கு விலை உண்டாயிற்று. அதனை உடையவர் செல்வாக்கும் பெருகிற்று.

அத்தகைய உடைமையாளருள் ஒருவர் ஜோசப் புலிட்சர். நியூயார்க்கில் 'வேர்ல்டு' என்னும் நாளிதழை 1883 முதல் நடத்திய அவர், பரபரப்புச் செய்திகளால் விற்பனையைப் பெருக்கியவர் எனப் பழிக்கவும் பட்டார். 1892இல் அவர் கொலம்பியாவில் இதழியற் பள்ளி நிறுவப் பொருளளிக்க முன்வந்தபோது அது ஏற்கப்படவில்லை, 1903இல் ஏற்கப்பட்டது. அவர் மறைந்ததற்கு மறு ஆண்டாகிய 1912இல் அப்பள்ளி திறக்கப்பெற்றது. அவர் அளித்த தொகை 20 இலட்சம் டாலர். இதழின் வணிக மேலாண்மையும் பாடமாக வேண்டும் என்று ஹார்வர்டுப் பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட் கருதினார். புலிட்சரோ அதற்கு உடன்படாது, வரலாறு, சட்டம், பொருளியல், இதழறம் முதலியன கற்பிக்கப்படல் வேண்டும் என 1904இல் ஒரு கட்டுரை வாயிலாக வாதிட்டார். வணிகத்தால் உயர்ந்த ஒருவரே வணிகத்தைப் பாடத்தினின்றும் விலக்க முயன்றமை நோக்கத்தக்கது.

பிறிதொரு சான்று இதனினும் தெளிவானது. பிலடெல்பியா நகரிலுள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம், பெயரால் மாநில அரசுக்குரியது போலத் தோன்றினும், தனியார் நிறுவனமே. அங்கு 1958இல் தொடர்பியற் பள்ளியை நிறுவியவர் வால்டர் அனன்பெர்க். தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரலைத் தாங்கி 1953 முதல் நாடெங்கும் விற்ற 'டிவி கைடு' என்னும் கிழமை இதழ் அவருடையது. எனவே, தொலைக்காட்சியின் வளர்ச்சி அவர்தம் செல்வத்தின் வளர்ச்சியும் ஆயிற்று.

அப்பள்ளிக்கு 1964 முதல் 1989 வரை தலைவராக இருந்தவர், அங்கேரி நாட்டிற் பிறந்த ஜார்ஜ் கெர்ப்னர். அவரும் அவர்தம் குழுவினரும் ஆண்டுதோறும் ஒரு கிழமை நிகழ்ச்சிகளைத் தேர்ந்து, அவற்றில் வரும் வன்செயல்களை எண்ணினர். செய்வோர் யார், துன்புறுவோர் யார் எனவும் பகுத்தனர். பின்னர், மிகுதியாகக் காண்போரையும் குறைவாகக் காண்போரையும் ஒப்பிட்டனர். மிகுதியாகக் காண்போர், உலகம் உள்ளதினும் கொடியது என நம்பும் இயல்பினர் என்பது அவர்கள் கண்ட முடிபு. இம்முடிபை 1980இல் சிகாகோப் பல்கலைக்கழகத்துப் பால் ஹர்ஷ் மறுத்து, வயது, கல்வி முதலிய வேறுபாடுகளைச் சேர்த்து நோக்கின் அத்தொடர்பு வலுவிழக்கும் என்றார். சிகாகோவும் தனியார் பல்கலைக்கழகமே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

தொலைக்காட்சியால் வளம்பெற்றவரின் கொடையில் அமைந்த பள்ளி, தொலைக்காட்சியின் தீங்கை ஆராய்ந்தமை யாங்ஙனம் இயன்றது? கொடையாளரின் பெருந்தன்மை ஒன்றே காரணம் எனல் பொருந்தாது. கெர்ப்னரின் ஆய்வுக்கு அரசு அமைத்த வன்முறை ஆணைக்குழுவும் தேசிய மனநல நிறுவனமும் பொருளுதவின. ஒருவர் கையை மட்டும் நோக்கி நில்லாத ஆய்வு, ஒருவருக்கு அஞ்சி நிற்பதும் இல்லை. அன்றியும், முடிபுகளைத் தடையின்றி வெளியிடும் ஆசிரியர் உரிமையும், அவற்றைப் பிற பல்கலைக்கழகத்தார் சோதிக்கும் வழக்கமும் இதற்கு இன்றியமையாதன. இம்மூன்றும் இல்லாதவழி, கொடை எத்துணைப் பெரிதாயினும், பள்ளி தொழிற்சாலைக்கு ஆள் சேர்க்கும் இடமாகவே முடியும்.

எனவே, தனியார் பல்கலைக்கழகத்தில் இத்துறையைப் பயில விழைவோர், ஒளிப்பதிவுக் கூடத்தையும் கருவிகளையும் மட்டும் கண்டு அதன் தரத்தை அளத்தல் தகாது. கருவி சில ஆண்டுகளிற் பழமையாகும். இன்று இணைய வாயில்கள் பலவும் சில பெருநிறுவனங்களின் உடைமையாக உள்ளன. ஆகலின், லாஸ்வெல் வகுத்த ஐந்து வினாக்களோடு, 'இவ்வாயிலை உடையவர் யார்?' என்னும் ஆறாவது வினாவும் வேண்டப்படும். அதனை வகுப்பறையில் அச்சமின்றி எழுப்ப இடந்தரும் பள்ளியே தொடர்பியலைக் கற்பிக்கும் பள்ளி எனத் துணியலாம்.