வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? மருத்துவக் கட்டுரைகளில் விடை தேடும் முறை

அய்யம்பாளையத்திலிருந்தும் அதற்கு மேலுள்ள மலையூர்களிலிருந்தும் எங்களிடம் வரும் குடும்பத்தினர், காசநோய் உறுதியானவுடன் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் மருந்தைப் பற்றியது அன்று. “இவரை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? பிள்ளைகளுக்குத் தொற்றாதா?” என்பதே அது. கைப்பேசியில் தேடியவர்கள், ஒன்றுக்கொன்று முரணான விடைகளைக் கண்டு கலங்கி நிற்கின்றனர்.

இக்கேள்விக்கு விடை தந்த ஆய்வு நம் மாநிலத்திலேயே நடந்தது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நோயாளருள் ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் சேர்த்தும், மறு பிரிவினரை அவரவர் வீட்டிலேயே வைத்தும், ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்து ஒப்பிட்டது. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வெளிவந்தது. உணவும் இடவசதியும் குறைந்த வீடுகளிலும் சிகிச்சை ஏறத்தாழ அதே பலனைத் தந்தது. வீட்டுச் சிகிச்சையால் உடன் வாழ்ந்தோருக்குப் பெரிதாகக் கூடுதல் ஆபத்து இல்லை என்பதும் தெரியவந்தது.

இத்தகைய கட்டுரைகளை நீங்களே தேடலாம். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் ‘பப்மெட்’ என்னும் கட்டுரை அட்டவணை, 1997 முதல் யாவருக்கும் கட்டணமின்றித் திறந்துள்ளது. தேடுசொற்களை ஆங்கிலத்தில் இட வேண்டும்; வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் உதவியைப் பெறலாம்.

முதலில், கேள்வியை முழு வாக்கியமாக இடாமல் கூறுகளாகப் பிரியுங்கள். இங்கே நோய், சிகிச்சை பெறும் இடம், ஊர் என்பன மூன்று கூறுகள்.

அடுத்து, ஒவ்வொரு கூறுக்கும் வழங்கும் பெயர்களை எல்லாம் எழுதுங்கள். வீட்டுச் சிகிச்சையைச் சிலர் ‘ஹோம்’ என்றும், சிலர் ‘டொமிசிலியரி’ என்றும் எழுதுவர். ‘சென்னை’ என்று மட்டும் தேடினால் மேற்கண்ட கட்டுரை தப்பிவிடக்கூடும். நகரின் ஆங்கிலப் பெயர் 1996இல்தான் மாறியது. அதற்கு முந்தைய கட்டுரைகளில் ‘மெட்ராஸ்’ என்றே இருக்கும். இக்கட்டுரையின் தலைப்பிலோ ‘சவுத் இந்தியா’ என்றுள்ளது.

பிறகு, ஒரே கூறின் மாற்றுப் பெயர்களை ‘ஆர்’ என்னும் சொல்லால் இணைத்து அடைப்புக்குறிக்குள் இடுங்கள். வெவ்வேறு கூறுகளை ‘ஆண்ட்’ என்னும் சொல்லால் இணையுங்கள். இவ்விரு சொற்களையும் பெரிய ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும். ‘சவுத் இந்தியா’ போன்ற தொடரை மேற்கோள்குறிக்குள் இட்டால், அத்தொடர் அப்படியே தேடப்படும். முடிவுகள் மிகுந்தால் ஒரு கூறைச் சேருங்கள். குறைந்தால் ஒரு மாற்றுப் பெயரைச் சேருங்கள்.

பொருத்தமான ஒரு கட்டுரை கிடைத்தால், அதன் கீழே நூலகம் இட்டுள்ள பொருட்தலைப்புகளைப் பாருங்கள். அவற்றையே தேடுசொற்களாக்கினால், ஆசிரியர்கள் வேறு சொற்களால் எழுதிய கட்டுரைகளும் அகப்படும். முழுக்கட்டுரை இலவசமாகக் கிடைக்காவிடில் தலைப்பு, இதழின் பெயர், ஆண்டு ஆகியவற்றை எழுதிக்கொண்டு நூலகரை அணுகுங்கள்.

ஆண்டை ஏன் குறிக்கச் சொல்கிறோம்? 1959ஆம் ஆண்டுக் கட்டுரையில் உள்ள மருந்து முறை இன்று கைவிடப்பட்டுவிட்டது. வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்னும் முடிவோ இன்றும் நிலைத்து நிற்கிறது. ஒரே கட்டுரையில் காலாவதியானதும் காலத்தை வென்றதும் கலந்திருக்கும். ஆகவே, படித்ததைக் கொண்டு மருந்தை நிறுத்தவோ மாற்றவோ வேண்டா. கட்டுரையுடன் எங்களிடம் வாருங்கள், சேர்ந்து படிப்போம்.

அதுவரை ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். நுரையீரல் காசநோய் காற்றின் வழியே பரவுகிறது. தட்டு, தம்ளர் வழியே அன்று. சன்னல்களைத் திறந்து வையுங்கள். இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள். உடன் வாழ்வோர் அனைவரும் பரிசோதனைக்கு வாருங்கள். நோயுற்றவரை ஒதுக்கி வைக்க வேண்டா. மருந்து முடியும்வரை அவருக்குத் துணைநிற்க வேண்டியவர்கள் நீங்களே.