சேலைப் பூக்கள்

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வைகாசிப் பொங்கலில் கடல்நீரால் விளக்கெரிவது மரபு. அந்த வைகாசியிலேதான், 2009இல், நந்திக்கடலுக்கு அப்பால் முள்ளிவாய்க்காலில் எம்மவர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். என் தமக்கையும் அவர்களுள் ஒருத்தி. உடல் கிடைக்கவில்லை, கல்லறையும் இல்லை. எஞ்சியது அவளது சேலை ஒன்றே.

முதலாம் உலகப் போரில் இறந்தோர் நினைவாகப் பிரான்சுப் பெண்கள் துணியாற் செய்த செந்நிறப் பாப்பிப் பூக்கள் 1921இல் பிரித்தானியாவில் விற்கப்பட்டன என்று படித்தேன். அதன் பின்னரே சேலையில் கத்தரி வைக்கத் துணிந்தேன். துண்டை வட்டமாக வெட்டி, ஓரத்தில் நூலோட்டி இழுத்தால் அது சுருங்கிப் பூவாகும். ஆண்டுக்கு ஒரு பூவாக வெள்ளைத் துணியொன்றில் தைத்து வருகிறேன்.

பூக்கள் பெருகப் பெருகச் சேலை குறைகிறது. முந்தானையை வெட்ட மட்டும் இன்னும் மனம் ஒப்பவில்லை.