வீட்டு சிந்தசைசர் ஸ்டுடியோ: மிக்ஸரும் ஸ்டீரியோ எஃபெக்டும்

சிந்தசைசரை வைத்து வீட்டில் இசையமைக்கச் சத்தம் புகாத அறை கட்டாயமில்லை. கீபோர்டின் ஒலி மைக் வழியே போவதில்லை. லைன் வயரில் நேராக மிக்ஸருக்குள் இறங்குகிறது. விழுப்புரம்–புதுச்சேரி சாலையில் கண்டமங்கலத்து வீடு ஒன்றில் உட்கார்ந்து வாசித்தாலும் வெளியே அலறும் லாரி ஹாரன் பதிவில் ஏறாது. வீட்டிலேயே ஸ்டுடியோ வைப்பதும் புதிதல்ல: ஏ.ஆர்.ரஹ்மான் 1989இல் தம் கோடம்பாக்கம் வீட்டின் பின்புறத்தில் பஞ்சதன் ரெக்கார்ட் இன்னைத் தொடங்கினார். விளம்பர இசையில் தொடங்கி, 1992இல் 'ரோஜா' படம் வரை அந்த அறை அவரைக் கொண்டுவந்தது.

மிக்ஸர் வாங்குமுன் எண்ண வேண்டியது கீபோர்டுகளை அல்ல, அவற்றின் அவுட்புட்டுகளை. பெரும்பாலான கீபோர்டுகளுக்கு இடம், வலம் என இரண்டு லைன் உண்டு. மூன்று கீபோர்டு என்றால் ஆறு லைன். வெளி எஃபெக்ட் திரும்பி வர இன்னும் இரண்டு. பாட்டுக்கு ஒரு மைக். ஆக ஒன்பது. பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பக் கூடாது. யமஹா எம்.ஜி.10எக்ஸ்.யூ. மிக்ஸரில் உள்ள பத்தில் நான்கு மோனோ சேனல்கள், மீதி ஆறும் மூன்று ஸ்டீரியோ ஜோடிகள். மூன்று கீபோர்டும் ஜோடிகளை நிரப்பிவிட்டால், மைக்கும் வெளி எஃபெக்டும் மோனோ சேனல்களில் மூன்றை எடுத்துக்கொள்ளும். இதன் யூ.எஸ்.பி. வழியே கணினிக்குப் போவது கலந்து முடிந்த இரண்டு டிராக் மட்டுமே. ஒவ்வொரு கீபோர்டையும் தனி டிராக்கில் ஒரே நேரத்தில் பதிய விரும்புவோர் ஜூம் லைவ்ட்ராக் எல்-12 போன்றவற்றைப் பார்க்க வேண்டும். தனியாக வாசிப்பவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்துகொள்ளலாம். அந்தக் கூடுதல் செலவு அவருக்கு வேண்டாம்.

சேனலுக்கு அடுத்து பார்க்க வேண்டியது ஆக்ஸ் சென்ட். ஒரே ரிவெர்ப் யூனிட்டை எல்லா கீபோர்டும் வேண்டிய அளவு பகிர்ந்துகொள்ள இதுவே வழி. எஃபெக்டுக்குப் போகும் ஆக்ஸ், ஃபேடருக்குப் பின் எடுப்பதாக இருக்க வேண்டும்; முன்பே எடுத்தால் ஃபேடரை இறக்கிய பிறகும் எக்கோ மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். யூனிட்டை முழு 'வெட்'டில், அதாவது எஃபெக்ட் ஒலி மட்டும் வெளிவரும்படி, வைக்க வேண்டும். திரும்பி வரும் இரண்டு லைனையும் இடம், வலம் எனப் பிரித்துக் கொடுத்து, அந்தச் சேனல்களில் ஆக்ஸை முழுக்க மூடிவிட வேண்டும். இல்லையேல் ஒலி சுற்றிச் சுற்றி ஊளையிடும்.

கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு நல்ல ஸ்டீரியோ ரிவெர்ப், மூன்று மலிவான யூனிட்டுகளைவிட மேல். கோரஸ் பெரும்பாலும் கீபோர்டுக்குள்ளேயே இருக்கிறது. ரோலண்ட் ஜூனோ-60 (1982), ஜூனோ-106 (1984) இரண்டிலும் அகன்ற ஒலியைத் தந்தது ஸ்டீரியோ கோரஸ்தான்: ஒரே ஒலியைச் சற்றே தாமதித்து, அந்தத் தாமதத்தை இடத்தில் கூட்டும்போது வலத்தில் குறைத்தார்கள். டிலேக்குக் கணக்கு எளிது: 60,000ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு பீட்டின் மில்லி செகண்ட் கிடைக்கும். டெம்போ 120 என்றால் 500.

ஸ்டீரியோவில் மயங்குமுன் மோனோவில் கேட்டாக வேண்டும். விழுப்புரம்–புதுச்சேரி பகுதியில் பாட்டு போய்ச் சேரும் இடம் மாரியம்மன் திருவிழாவின் குழாய் ஸ்பீக்கர், அல்லது ஒற்றை ஸ்பீக்கர் செல்போன். ஒரு பக்கத்தை 10 மில்லி செகண்ட் தாமதித்தால் ஹெட்போனில் அறை முழுக்க விரியும். இரண்டையும் மோனோவாகக் கூட்டினால் 50, 150, 250 ஹெர்ட்ஸ் என வரிசையாக ஒலி அறுந்து, பேஸ் மெலிந்துபோகும். அதனால் பேஸ், கிக் இரண்டுக்கும் இத்தகைய எஃபெக்ட் கூடாது. பேட், ஸ்ட்ரிங்ஸ் போன்றவை தாங்கும். மேடைக்குக் கீபோர்டைக் கொண்டுபோகும்போது 'எல்/மோனோ' என்ற துளையில் மட்டும் பின்னைச் செருகினால், பல கீபோர்டுகள் தாமாகவே இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடும்.

வயரிங் முடிந்ததும் 'ம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் குற்றம் பெரும்பாலும் மிக்ஸரில் இல்லை. எல்லாக் கருவிகளையும் எர்த் உள்ள ஒரே பிளக்பாயிண்டிலிருந்து எடுக்க வேண்டும். எர்த் பின்னை உடைத்து இரைச்சலை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. லைன் வயரைக் கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாமல், முடிந்தவரை நீளம் குறைத்து வைத்தால் மீதி இரைச்சலும் அடங்கும்.