காணும், ஒட்டு

தொண்ணூறுகளில் வவுனியா பட்டாணிச்சூர்ப் பக்கம் வெளிநாட்டுக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளைத்தான் கூப்பிடுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன். சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்த ஒரு தாத்தாவுக்கு அவவின் கணவர் சொல்லச் சொல்ல எழுதுவேன். ஸலாம், சுகம், பிள்ளைகளின் படிப்பு, வந்து சேர்ந்த காசு. பிறகு அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். "வேறென்ன மச்சான் எழுத?" என்று கேட்டால், "காணும், ஒட்டு" என்பார்.

அந்தக் "காணும்" என்ற சொல்லுக்குள் கிடந்ததைப் பாட்டாக்கியவர் கேரளத்து நிலம்பூர்க்காரரான எஸ். ஏ. ஜமீல். அவரே எழுதி அவரே பாடிய 'துபாய்க் கத்துப்பாட்டு' 1970களின் பிற்பகுதியில் மலபாரிலும் வளைகுடாவிலும் பரவியது. அரபியில் 'கத்' என்றால் எழுத்து. மலையாளத்தில் 'கத்து' என்றால் கடிதம். மாப்பிள்ளைப்பாட்டில் கடிதப் பாட்டு பழைய வகைதான். 1921 மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் பெல்லாரிச் சிறையில் கிடந்த கணவனுக்கு ஒரு மனைவி எழுதுவதாகப் புலிக்கோட்டில் ஹைதர் பாடியதும் இவ்வகையே.

ஜமீலின் பாட்டில் துபாயில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதுகிறாள். மரியாதையோடு தொடங்குகிறாள்; மெல்ல மெல்லத் தனிமையை, இளமை வீணாவதை, உடலின் ஏக்கத்தை, மனம் தடுமாறிவிடுமோ என்ற பயத்தைச் சொல்கிறாள். காசு இவற்றுக்கு ஈடாகாது என்கிறாள். கணவனின் பதிலையும் ஜமீலே பாட்டாக்கினார். பாட்டில் வருவது ஒருத்தியின் கடிதம். ஆனால் கேட்ட ஆயிரம் வீடுகளுக்கு அது தம் வீட்டுக் கடிதமாகவே பட்டது.

இதெல்லாம் பாடக் கூடியதா என்று முகஞ்சுளிப்போர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு உமர் (ரழி) அவர்களின் வரலாற்றை நினைவூட்டலாம். இரவு ரோந்தின்போது, போருக்குப் போன கணவனை எண்ணி ஒரு பெண் கவி பாடுவது கலீபாவின் காதில் விழுகிறது. அவர் அவளைக் கண்டிக்கவில்லை. மகள் ஹஃப்ஸா (ரழி) அவர்களிடம், கணவனைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று கேட்கிறார். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. அந்தக் காலத்துக்கு மேல் வீரர்களைத் தடுத்து வைக்கக் கூடாது என்று கலீபா கட்டளையிடுகிறார். பாட்டில் வந்த உண்மையை அவர் முறையீடாகக் கேட்டார் என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்களின் கவிகளிலும் மச்சானிடம் மறைக்காமல் பேசும் துணிவு உண்டு. ஆனால் எங்கள் ஊர்களில் கதை தலைகீழ்: கடல் கடந்தவள் பெண், காத்திருந்தவன் ஆண், முகம் மறந்தவை பிள்ளைகள். இதைச் சொல்லும் பாட்டை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியில் அக்காலக் கடிதமோ ஒலிநாடாவோ, யாரும் முணுமுணுத்த ஒரு கவியோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள், எழுதி வையுங்கள்.