ஆடாத ஆட்டத்தில் பெட் கட்டினாலும் குற்றமா?

2024 மே மாதம் இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் பிரைடன் கார்ஸுக்கு மூன்று மாதத் தடை விழுந்தது. 2017 முதல் 2019 வரை கிரிக்கெட் ஆட்டங்கள் மீது அவர் 303 முறை பெட் கட்டியிருந்தார். அதில் ஒன்றுகூட அவர் ஆடிய ஆட்டம் இல்லை. அப்புறம் எதற்குத் தடை?

டிரெஸ்ஸிங் ரூமில் இருப்பவருக்குத் தெரிவது கேலரியில் இருப்பவருக்குத் தெரியாது. யாருக்குத் தொடையில் பிடிப்பு, நாளை யாருக்கு ஓய்வு, டாஸ் ஜெயித்தால் பேட்டிங்கா பவுலிங்கா... இந்தச் சில்லறைத் தகவல்களுக்கெல்லாம் புக்கிகளிடம் விலை உண்டு. பெட்டில் தோற்றுக் கடன்பட்ட வீரரிடம் அவர்கள் பணத்தைக் கேட்க மாட்டார்கள். ஒரு நோ-பால் கேட்பார்கள். அதனால்தான் தொழில்முறை வீரர் எந்த கிரிக்கெட் ஆட்டத்தின் மீதும் பந்தயம் கட்டக் கூடாது என்கிறது விதி. நூறு ரூபாய்தானே, நண்பனின் கணக்கில்தானே என்ற சமாதானம் எடுபடாது.

தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் ஆட்டத்தை விற்றவரையும் பெட் பழக்கத்தில் சிக்கியவரையும் ஒன்றாக வைப்பது அநியாயம். கால்பந்து வீரர் இவான் டோனி 232 விதிமீறல்களை ஒப்புக்கொண்டார். அவருக்குச் சூதாட்ட அடிமைத்தனம் இருப்பதை மருத்துவர் உறுதிசெய்ததால், 2023-இல் தடையை எட்டு மாதமாகக் குறைத்தார்கள். சரியான தீர்ப்பு என்றே சொல்வேன்.

நம் ஊர் இளம் வீரர்களுக்கு உண்மையான கண்ணி வேறு இடத்தில் இருக்கிறது. வங்கதேச கிரிக்கெட் வீரர் ஷகிப் அல் ஹசன் பெட் கட்டவில்லை. புக்கி தொடர்புகொண்டதைச் சொல்லாமல் இருந்தார், அவ்வளவுதான். 2019-இல் இரண்டாண்டுத் தடை, அதில் ஓராண்டு நிறுத்திவைப்பு. இலங்கையின் பிரவீன் ஜெயவிக்ரம அப்படி வந்த மெசேஜ்களை அழித்தார். அதற்கும் 2024-இல் தடை வந்தது. தமிழ்நாடு பிரீமியர் லீக் வீரர்கள் சிலருக்கு முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்த விவகாரமும் 2019-இல் விசாரணைக்கு உள்ளானது. ஆரம்பத்தில் ரசிகர் போலத்தான் பேசுவார்கள். ஷூ, செல்போன் என்று பரிசு வரலாம். அந்த எண்ணுக்குப் பதில் போடாதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உடனே ஊழல் தடுப்பு அதிகாரியிடம் கொடுங்கள்.

குற்றச்சாட்டே வந்துவிட்டால்? அதை எழுத்தில் பெறவும், விசாரணையில் உங்கள் தரப்பைச் சொல்லவும், மேல்முறையீடு செய்யவும் உரிமை உண்டு. தெரியாமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், வழக்கறிஞரைப் பாருங்கள். ஸ்பாட் ஃபிக்சிங் குற்றச்சாட்டில் சிக்கிய கிரிக்கெட் வீரர் ஸ்ரீசாந்தின் ஆயுள் தடையை 2019-இல் உச்ச நீதிமன்றம் நீக்கி, தண்டனையின் அளவை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. அது ஏழாண்டாகக் குறைந்தது. இலங்கையில் நிலைமை கடுமை. 2019-இல் வந்த சட்டப்படி ஃபிக்சிங்குக்குப் பத்தாண்டுவரை சிறை.

பெட் பழக்கத்தில் சிக்கியிருக்கிறீர்களா? இந்தியாவில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-இல் மத்திய அரசு தடைசெய்தது. அந்தச் சட்டம் தண்டிப்பது நடத்துபவரையும் விளம்பரம் செய்பவரையும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவரையும்தான், ஆடி ஏமாந்தவரை அல்ல. ஆகவே பயந்து மறைக்க வேண்டாம். பழக்கத்தை விட முடியவில்லை என்றால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். செயலியில் பணம் மோசடியாகப் போயிருந்தால் 1930-க்கு உடனே புகார் செய்யுங்கள்.