ரேமை மாற்றினால் வேகம் வந்துவிடாது

சி மொழியில் 10,000 நிரையும் 10,000 நிரலும் கொண்ட ஓர் அரே. கட்டத்துக்கு 4 பைட் வீதம் மொத்தம் 40 கோடி பைட். எல்லா எண்களையும் கூட்ட இரண்டு ஃபார் லூப் போதும். நிரை நிரையாகப் போனாலும் நிரல் நிரலாகப் போனாலும் கூட்டல்கள் அதே 10 கோடி, விடையும் ஒன்றே. ஆனால் இரண்டாவது வழி பல மடங்கு மெதுவாக ஓடும். கம்பைலர் அதைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் தராது. விடை சரியாக இருப்பதால் சோதனைகளும் எல்லாம் தேறிவிடும்.

காரணத்தை நினைவகத்தில் தேட வேண்டும். ரேமிலிருந்து ஓர் எண் செயலிக்கு வந்துசேர ஏறக்குறைய 100 நானோ விநாடி ஆகிறது. 3 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு அது 300 சுழற்சி. அதற்குள் நூற்றுக்கணக்கான கூட்டல்களை அது முடித்திருக்கும். இந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் செயலிக்குள்ளேயே கேஷ் நினைவகம் வைக்கிறார்கள். முதல் நிலைக் கேஷ் பல செயலிகளில் ஒரு கோருக்கு 32 கிலோபைட்தான். நான்கைந்து சுழற்சியில் பதில் தந்துவிடும். இரண்டாம் நிலை அதைவிடப் பெரிது, கொஞ்சம் மெதுவானது. மெகாபைட் கணக்கில் இருக்கும் மூன்றாம் நிலைக்கு 40 சுழற்சியோ அதற்கு மேலோ ஆகும். கேஷ் என்ற யோசனையைக் கணினி அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் 1965இலேயே எழுதிவிட்டார்.

கேஷ் ஒற்றை எண்ணைக் கொண்டுவருவதில்லை. இன்டெல், ஏஎம்டி செயலிகளில் 64 பைட் கொண்ட ஒரு லைன் முழுவதுமாக வரும். அதில் நம் எண்கள் 16 இருக்கும். சி மொழி நிரைகளை அடுத்தடுத்து அடுக்குவதால், நிரை வழியே போனால் பதினாறும் பயன்பட்டு 62.5 லட்சம் லைன்களில் வேலை முடிகிறது. நிரல் வழியே போனால் அடுத்த எண் 40,000 பைட் தள்ளி இருக்கிறது. ஒரு நிரலை முடிக்க 10,000 லைன்கள், அதாவது 6.4 லட்சம் பைட் வேண்டும். 32 கிலோபைட்டில் அது எப்படி அடங்கும்? அடுத்த நிரலைத் தொடும்போது முன்பு வந்த லைன் வெளியேறியிருக்கும். 10 கோடி முறையும் முதல் நிலைக் கேஷ் கையை விரித்துவிடும். ஃபோர்ட்ரான் நிரல்களை அடுத்தடுத்து அடுக்கும் மொழி. அங்கே இந்தக் கணக்கு தலைகீழ். பழைய ஃபோர்ட்ரான் புரோகிராம்களை சி மொழிக்கு மாற்றுகிறவர்கள் லூப்களை அப்படியே பெயர்த்து வைத்தால் இந்தப் பள்ளத்தில்தான் விழுவார்கள்.

புதிய ரேம் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். டிடிஆர்3-1600 ரேமின் உச்சக் கடத்துதிறன் விநாடிக்கு 12.8 ஜிபி, டிடிஆர்4-3200க்கு 25.6, டிடிஆர்5-4800க்கு 38.4. மூன்று மடங்கு வளர்ச்சிதான். ஆனால் கேட்ட எண்ணின் முதல் துளி வெளிவர ஆகும் காஸ் தாமதத்தை, அதாவது அந்த 100 நானோ விநாடிக் காத்திருப்பின் ஒரு பகுதியைப் பாருங்கள். சிஎல்11 டிடிஆர்3இல் 13.75 நானோ விநாடி, சிஎல்22 டிடிஆர்4இல் அதே 13.75, சிஎல்40 டிடிஆர்5இல் 16.67. டிடிஆர்3 தரம் வெளிவந்தது 2007இல், டிடிஆர்5 2020இல். இந்த 13 ஆண்டுகளில் குழாய் அகன்றிருக்கிறது, காத்திருப்பு குறையவில்லை. செயலியின் வேகத்துக்கு நினைவகம் ஈடுகொடுக்க முடியாமல் போகும் என்று வில்லியம் வுல்ஃபும் சாலி மெக்கீயும் 1995இலேயே எழுதி எச்சரித்தார்கள். சிதறிக் கிடக்கும் தரவைத் தேடி அலையும் புரோகிராமுக்கு அகன்ற குழாயால் பெரிய பயன் இல்லை.

இதில் நான் மிகவும் அஞ்சுவது சிறிய சோதனைத் தரவை. 50க்கு 50 அரே 10,000 பைட்தான். முதல் நிலைக் கேஷிலேயே அடங்கிவிடும், எந்த வழியில் போனாலும் வித்தியாசம் தெரியாது. ஆய்வகத்தில் மின்னலாக ஓடிய புரோகிராம், உண்மையான தரவு வந்து கேஷின் எல்லையைத் தாண்டிய அன்று படுத்துவிடும். லிங்க்டு லிஸ்டில் தேடினாலும் அரேயில் தேடினாலும் பாடநூல் இரண்டுக்கும் ஒரே சிக்கலளவைத்தான் எழுதுகிறது. நினைவகத்தில் சிதறிய லிங்க்டு லிஸ்டில் ஒவ்வொரு பாயின்டரும் ஒரு புதிய காத்திருப்பாகலாம் என்பதை மாணவருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

அளவு சிறிதாக இருந்தாலும் ஒரு பொறி உண்டு. 256 நிரை, 1,024 நிரல் கொண்ட அரேயை நிரல் வழியே படிக்க ஒரு நேரத்தில் 256 லைன்கள், வெறும் 16 கிலோபைட் போதும். 32 கிலோபைட்டில் தாராளமாக அடங்க வேண்டும். அடங்காது. நிரைக்கு நிரை தூரம் சரியாக 4,096 பைட். 64 தொகுதிகளும் தொகுதிக்கு 8 இடங்களும் உள்ள கேஷில் அந்த 256 லைன்களும் ஒரே தொகுதிக்குள் போய் முட்டிக்கொள்ளும். தங்குவது எட்டுதான். ஒவ்வொரு நிரையின் இறுதியிலும் பயன்படாத 16 எண்களைச் சேர்த்து அகலத்தை 1,040 ஆக்கினால் லைன்கள் எல்லாத் தொகுதிகளிலும் பரவி நெரிசல் விலகும்.

பைதானில் எழுதுகிறவர்களும் தப்பவில்லை. 64 பிட் சிபைதானில் ஒரு சாதாரண முழு எண்ணுக்கு 28 பைட், லிஸ்டில் அதைச் சுட்டும் பாயின்டருக்கு 8 பைட். நம்பை அரேயில் அதே எண் 8 பைட்டோ 4 பைட்டோதான், அதுவும் அடுத்தடுத்து. திரெட்களைக் கூட்டினால் வேகம் கூடும் என்பதும் நிச்சயமில்லை: இரண்டு திரெட்களின் தனித்தனி கவுன்டர்கள் ஒரே 64 பைட் லைனில் அமைந்துவிட்டால், இரண்டு கோர்களும் அந்த லைனை மாறி மாறிப் பிடுங்கிக்கொண்டே இருக்கும்.

புதிய சர்வருக்குப் பணம் கட்டும் முன், உண்மையான அளவுத் தரவை வைத்து லினக்ஸில் பெர்ஃப் ஸ்டாட்டையோ வால்கிரைண்டின் கேஷ்கிரைண்டையோ ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கேஷ் தவறிய எண்ணிக்கை அதிகமாக இருந்தால், முதலில் லூப்களின் வரிசையையும் தரவின் அடுக்கையும் திருத்துங்கள்.