டூயல் ஸ்போர்ட் மோட்டார் சைக்கிள் வாங்கிய பின்: சோதனைகள், சான்றுகள், சட்டத் தீர்வுகள்

தார்ச்சாலையிலும் மண்பாதையிலும் ஒரே வண்டியை ஓட்டும் நோக்கில் வடிவமைக்கப்பட்டு, பதிவெண் பெற்றுப் பொதுச்சாலையில் ஓடத் தகுதியுடைய மோட்டார் சைக்கிளே டூயல் ஸ்போர்ட் எனப்படுகிறது. தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் எஞ்சின், நீண்ட தூரம் அமுங்கி எழும் சஸ்பென்ஷன், பெரிய முன்சக்கரம், ஸ்போக் கம்பிகள் கோத்த ரிம், ஆழமான பள்ளங்கள் வெட்டிய டயர் ஆகியவை இதன் அடையாளங்கள். இந்தியாவில் 2011இல் ஹீரோ இம்பல்ஸ் இவ்வகைக்குத் தொடக்கம் தந்தது; 2016இல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனும், 2019இல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200உம் வந்தபின், நடுத்தர வருமானமுள்ள இளைஞர்களும் எண்ணிப் பார்க்கக்கூடிய வண்டியாக இது மாறியது.

இவ்வகை வண்டியை வாங்குபவருக்குச் சாதாரண வண்டி வாங்குபவருக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. கரடுமுரடான பாதைக்கு ஏற்றது என்று சொல்லி விற்கப்பட்ட வண்டி பழுதாகும்போது, அதே கரடுமுரடான பயன்பாட்டையே காரணம் காட்டி, விற்பனையாளர் வாரண்டியையும் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டையும் மறுக்க முற்படுவது உண்டு. குறை பிறவியிலேயே இருந்ததா, ஓட்டியதால் வந்ததா என்ற கேள்விக்கு விடை சொல்ல, வண்டி கைக்கு வந்த நாளின் நிலையைக் காட்டும் பதிவுகளைவிட வலுவான சான்று அரிது. ஆகவே வாங்கிய முதல் சில வாரங்களில் செய்யப்படும் சோதனை, உயிருக்குப் பாதுகாப்பாக இருப்பதோடு, பின்னாளில் உரிமை கோருவதற்கான அடித்தளமாகவும் அமைகிறது.

கைக்கு வரும் நாளில் பார்க்க வேண்டிய ஆவணங்கள்

புதிய வண்டியுடன் விலை விவரப் பட்டியலைத் தவிர இரண்டு படிவங்கள் முதன்மையானவை. விற்பனையாளர் தரும் விற்பனைச் சான்று படிவம் 21 ஆகும். வண்டி சாலையில் ஓடத் தகுதியுடையது என்று தயாரிப்பாளர் உறுதியளிக்கும் சான்று படிவம் 22 ஆகும். இவற்றிலுள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியின் மீது பொறிக்கப்பட்ட எண்களோடு ஓர் எழுத்தும் மாறாமல் ஒத்துப்போகின்றனவா என்று வாங்குபவர் தாமே சரிபார்த்து, பொறித்த இடத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தயாரித்த மாதமும் ஆண்டும் கவனத்துக்குரியவை. நீண்ட நாள் கிடங்கில் நின்ற வண்டியைப் புதியது என்ற பெயரில் முழு விலைக்கு விற்றிருந்தால், அதைக் கேள்வி கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணும் இதற்குத் துணைச் சான்றாகும். அதில் முதல் இரண்டு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிப்பதால், 2324 என்பது 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தைச் சுட்டும்.

தற்காலிகப் பதிவோ நிரந்தரப் பதிவோ செய்யாமல் வண்டியை வாங்குபவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 42ஆம் விதி விற்பனையாளரைக் கட்டுப்படுத்துகிறது. பதிவெண் இல்லாத வண்டியை நல்ல நாள் பார்த்து வீட்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதிப்பது சலுகை போலத் தோன்றினாலும், வழியில் விபத்து நேர்ந்தால் அதன் சட்டச் சுமை வாங்கியவர் மீதும் விழும். 2019 ஏப்ரல் முதல் தயாரிக்கப்படும் வண்டிகளுக்கு உயர்பாதுகாப்புப் பதிவெண் பலகையை விற்பனையாளர் வழியாகவே பொருத்தித் தர வேண்டும். விற்பனையின்போது இந்தியத் தர நிர்ணய விதிகளுக்கு உட்பட்ட தலைக்கவசம் ஒன்றைத் தயாரிப்பாளர் தர வேண்டும் என்பதும் 138ஆம் விதியில் உள்ளது. கேட்காமல் பட்டியலில் சேர்க்கப்பட்ட உதிரி அலங்காரங்களுக்கும் விளக்கமில்லாத கட்டணங்களுக்கும் பணம் தர வாங்குபவர் கடமைப்பட்டவர் அல்லர்.

காப்பீட்டில் மறைந்திருக்கும் இடைவெளிகள்

உச்ச நீதிமன்ற உத்தரவின் விளைவாக, 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாயிற்று. மூன்றாம் நபர் காப்பீடு என்பது, அந்த வண்டியால் பிறருக்கு நேரும் உயிரிழப்பு, காயம், சேதம் ஆகியவற்றுக்கு ஈடு தருவது. சொந்த வண்டியின் சேதத்துக்கோ திருட்டுக்கோ அது ஈடு தராது. பெரும்பாலும் சொந்தச் சேதக் காப்பீடு ஓராண்டுக்கே வழங்கப்படுவதால், ஐந்தாண்டு என்று பத்திரத்தில் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவரின் வண்டி, இரண்டாம் ஆண்டில் திருட்டுக்கும் சேதத்துக்கும் எந்தப் பாதுகாப்பும் இன்றி நிற்கக்கூடும். உரிமையாளரே ஓட்டும்போது நேரும் விபத்துக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் காப்பீடு எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் தனியே பார்க்க வேண்டியது.

மண்பாதைப் பயணிகளுக்கு இன்னும் இரண்டு விலக்குகள் முக்கியமானவை. ஒழுங்கு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, தாங்குதிறன் போட்டி ஆகியவற்றில் வண்டியைப் பயன்படுத்துவதை வழக்கமான பத்திரங்கள் விலக்கியே வைத்துள்ளன. ஆகவே வார இறுதிப் போட்டியில் நேர்ந்த சேதத்துக்கு ஈடு கேட்க முடியாது. ஓடையைக் கடக்கும்போது எஞ்சினுக்குள் நீர் புகுந்து, பிஸ்டன் நீரை அழுத்த முடியாமல் உட்பாகங்கள் வளைந்தால், அதைத் தொடர்விளைவுச் சேதம் என்று வகைப்படுத்தி நிறுவனங்கள் மறுப்பதுண்டு. எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் ஒப்பந்தம் எடுத்திருந்தால் மட்டுமே இது பெரும்பாலும் ஈடுசெய்யப்படும். காப்பீட்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்குபவருடையது என்பதால், ஷோரூம் நீட்டும் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் விலக்குப் பகுதியைப் படிப்பது அவசியம்.

சக்கரத்திலிருந்து கைப்பிடி வரை

சோதனையில் முதலிடம் ஸ்போக் சக்கரத்துக்கே உரியது. புதிய சக்கரத்தில் கம்பிகளும் அவற்றை இறுக்கும் நிப்பிள்களும் முதல் சில நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் தம் இடத்தில் அமர்ந்து, இழுவிசை சற்றுத் தளர்கின்றன; அந்நிலையில் பள்ளங்களில் ஓட்டினால் தளர்ந்த கம்பிகளின் சுமையை அருகிலுள்ளவை ஏற்று முறிகின்றன, ரிம்மும் கோணுகிறது. சிறு ஸ்பானரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டினால், இறுக்கமானது கணீரென்றும் தளர்ந்தது மந்தமாகவும் ஒலிக்கும். முதல் சர்வீஸில் ஸ்போக் இழுவிசை பார்க்கப்பட்டதா என்பதை ஜாப் கார்டு எனப்படும் பணிப் பதிவுத் தாளில் எழுதித் தரக் கேட்பது நல்லது.

இத்தகைய சக்கரங்களில் பெரும்பாலானவை டியூப் வைத்தவை. மண்ணில் பிடிமானம் கிடைக்கக் காற்றைக் குறைத்தவர், அதே அழுத்தத்தில் தார்ச்சாலையில் வேகமாகச் சென்றால் டயர் சூடேறுவதோடு, கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் இடையே நசுங்கிக் கிழியும். மேடுகளுக்கிடையே இடைவெளி அகன்ற டயர் ஈரமான தாரில் குறைந்த பரப்பிலேயே தரையைத் தொடுவதால், நிறுத்தும் தூரம் கூடும் என்பதையும் புதிதாக ஓட்டுபவர் அறிந்திருக்க வேண்டும்.

செயினின் தளர்வு அடுத்தது. பின்சக்கரம் அமுங்கி மேலேறும்போது, முன் ஸ்ப்ராக்கெட், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் அச்சு, சக்கர அச்சு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும் நிலையில் செயின் உச்ச இறுக்கம் அடைகிறது. நீண்ட சஸ்பென்ஷன் கொண்ட வண்டியில் இந்த வேறுபாடு பெரிது. ஆகவே சாதாரண வண்டிக்குப் பழகிய கை, நின்ற நிலையில் செயினை இறுக்கிவிட்டால், பள்ளத்தில் இறங்கும்போது கியர்பாக்ஸ் பேரிங் சேதமடையவோ செயின் அறுந்துபோகவோ வாய்ப்புண்டு. கையேட்டில் குறித்த அளவே இதில் இறுதி.

சஸ்பென்ஷன் ஓட்டுபவரின் எடைக்குப் பொருந்த வேண்டும். முழு உடுப்போடு ஏறி அமரும்போது, மொத்த அமுங்கு தூரத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கீழிறங்குவது பொதுவாக ஏற்கத்தக்கது. 411 சிசி ஹிமாலயனின் முன்பக்க அமுங்கு தூரம் 200 மில்லிமீட்டர் என்பதால், அதில் 50 முதல் 66 மில்லிமீட்டர் வரை இந்த அளவில் அடங்கும். முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்த தடம் தெரிந்தால் ஆயில் சீல் பழுது என்று பொருள். அந்த எண்ணெய் பிரேக் டிஸ்கில் படிந்தால் பிரேக்கே பிடிக்காமல் போகலாம். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, ஃபோர்க்கின் அடிப்பகுதியை முன்னும் பின்னும் அசைக்கும்போது தட்டும் உணர்வு வந்தால், கைப்பிடியைத் தாங்கும் பேரிங் தளர்ந்துள்ளது.

125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு, கட்டாயமாக்கப்பட்டது. தளர்ந்த சரளையில் இது நிறுத்தும் தூரத்தைக் கூட்டக்கூடும் என்பதால், சில வண்டிகளில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை நிறுத்திவைக்கும் வசதி உண்டு. சாவியை அணைத்துப் போட்டதும் அது தானாக மீள்கிறதா, கையால் இயக்க வேண்டுமா என்பதை வாங்கிய நாளிலேயே கேட்டறியாவிட்டால், மண்பாதையில் அணைத்ததை மறந்து நெடுஞ்சாலையில் ஏறும் ஆபத்து நேரும். புழுதியில் ஓட்டியபின் ஏர் ஃபில்டரைச் சோதிப்பதும், நீரைக் கடந்தபின் எஞ்சின் ஆயில் பால் போல வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பதும் இதே வரிசையில் சேரும்.

பழைய வண்டி வாங்கினால்

கைமாறி வரும் வண்டியில் கால்மிதி பொருத்திய இடம், சுமைதாங்கி பற்றவைத்த இடம், கைப்பிடித் தண்டின் கழுத்து ஆகியவற்றில் விரிசலும் புதுப் பெயின்ட்டும் தென்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். சட்டப் பக்கம் இதைவிடக் கடுமையானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் உரிமை மாற்றத்தைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்குரியவை படிவம் 29உம் 30உம் ஆகும். கடன் தீர்ந்த வண்டியாயின், கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35 தேவை. பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டு வழக்கில் உரிமையாளராகக் கருதப்படுவார் என்று 2018இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளதால், பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவது விற்றவருக்கும் கேடாகும். மூன்றாம் நபர் காப்பீடு வாங்கியவருக்கு மாறியதாகவே சட்டம் கருதும். சொந்தச் சேதக் காப்பீடு அவ்வாறு தானாக மாறாது என்பதால், நிறுவனத்துக்கு உடனே எழுதிப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மாற்றங்கள் உரிமையைத் தின்னும்

பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடைசெய்கிறது. மீறும் உரிமையாளருக்கு 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஒலி வரம்பை மீறும் சைலன்சருக்கு 190ஆம் பிரிவில் தனித் தண்டனை உண்டு. இதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று: குறைபாடுள்ள பொருளால் விளைந்த தீங்குக்கு ஈடு கோரும் உரிமையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தந்தாலும், தீங்கு நேர்ந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றியமைக்கப்பட்டோ இருந்தால் விற்பனையாளர் பொறுப்பிலிருந்து விலக அதன் 87ஆம் பிரிவு இடமளிக்கிறது.

வண்டியின் திறன் எங்கும் செல்லும் அனுமதியாகாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி சரணாலயங்களுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். சென்னை உள்ளிட்ட தமிழகக் கடற்கரைகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் மணலில் முட்டையிடுகின்றன. அந்த மணலில் ஓடும் சக்கரம், மேலே எந்தத் தடயமும் தெரியாத முட்டைக் குழிகளை நசுக்கிவிடும்.

குறை கண்டால் செல்லும் வழி

குறை தென்பட்டவுடன் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத் திரும்புவது பயனற்றது. ஒவ்வொரு முறையும் குறையின் தன்மை, கிலோமீட்டர் அளவு, தேதி ஆகியவை ஜாப் கார்டில் எழுதப்பட்டு அதன் நகல் வாங்குபவர் கைக்கு வர வேண்டும். அதே குறை திரும்பத் திரும்ப வருவதை நிறுவ இதுவே முதன்மைச் சான்று. அடுத்து விற்பனையாளருக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் அறிவிப்பு அனுப்பி, தீர்வுக்குக் காலக்கெடு குறிக்க வேண்டும். பலன் இல்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவுசெய்து சமரசத்துக்கு முயலலாம்.

அதன்பின் உள்ளது மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகளை அது ஏற்கும். 5 லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. வாங்குபவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, வழக்கறிஞர் இன்றியும், இணையவழியிலும் புகார் தரலாம். ஆனால் வழக்குக்கான காரணம் எழுந்த இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். குறை உற்பத்தியிலேயே வந்தது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு பெரும்பாலும் புகார் செய்பவர் மீதே விழுவதால், பொருளை ஆய்வுக்கு அனுப்பும்படி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்கீழ் ஆணையத்தைக் கேட்பது முக்கியமான படி. குறையை நீக்கவும், வேறு வண்டி தரவும், விலையைத் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் ஆணையம் உத்தரவிடலாம். தீர்ப்பில் நிறைவில்லாதவர் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். தனிநபரிடம் வாங்கிய பழைய வண்டிக்கு இவ்வழி பெரும்பாலும் திறவாது; அங்கே உரிமையியல் நீதிமன்றமே இடம் என்பதால், எழுத்து ஒப்பந்தம் இன்றிப் பணம் தருவது ஆபத்து.

ஒரே குறை பல வண்டிகளில் தோன்றினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்கீழ் அவ்வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு தயாரிப்பாளருக்கு மத்திய அரசு ஆணையிட முடியும். அந்த அதிகாரம் இயங்க உரிமையாளர்களின் பதிவான புகார்களும் அடிப்படையாகின்றன. தம் செலவில் குறையைச் சரிசெய்துகொண்டு பேசாமல் இருந்துவிடுபவர், அதே வார்ப்பில் வந்த வண்டியை ஓட்டும் முகமறியாத மற்றொருவரை அந்த ஆபத்திலேயே விட்டுவிடுகிறார். எழுத்தில் புகார் தருபவரோ தம் உரிமையோடு அவருடைய உயிரையும் காக்கிறார்.